தெரியாத கடைக்கும் ஒரு சீட்டு

வல்லம் வடகாலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செல்போன் கம்பெனியில் வேலை, விடுதி அறையில் ஆறு பேர். “என் போனில் பானை வனைவது, கண்ணாடியை ஊதிக் குடுவை செய்வது, மணலில் தானாகக் கோலம் போடும் மிஷின் என்று கண்ணைப் பறிக்கிற குட்டி வீடியோக்களாக வருகின்றன. அடுத்த கட்டில்காரிக்கு சீரியல் சண்டையும் மாமியார் காமெடியும்தான். ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே மெஸ், ஒரே கம்பெனி பஸ். நாங்கள் பேசுவதை போன் ஒட்டுக் கேட்கிறதா சார்? அவளுக்கும் நல்லதாக வரவைக்க என்ன செய்யணும்?”

2024 ஆகஸ்டில் அந்த ஊரில் திறந்த சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். அறைக்கு ஆறு பேர் என்று வகுத்தால் 3,120 அறைகள். எல்லா அறையிலும் இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

ஒட்டுக் கேட்பதை முதலில் முடித்துவிடலாம். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைத் துருவிப் பார்த்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சைக் கடத்திய செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. (திரையில் நடப்பதைப் படம்பிடித்து அனுப்பியவை சில அகப்பட்டன. அது வேறு வயிற்றெரிச்சல்.) காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை. தேடல் பெட்டியில் வாசகி ஒருநாளும் ‘பானை’ என்று தட்டியிருக்க மாட்டார். வீடியோக்களைத் தேர்ந்தெடுக்கும் எந்திரம் ஒரு பானையை நீட்டியது, அவருடைய கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தையே அவ்வளவுதான். மேலே தள்ளிவிட எடுத்துக்கொண்ட விநாடிகள், திரும்ப ஓடவிட்ட தடவைகள், யாருக்கு அனுப்பினார் என்பது, இவையெல்லாம் பேச்சைவிட நேர்மையான சாட்சிகள்.

பானையில் நின்றவருக்கு அடுத்து கண்ணாடி ஊதுவதைக் காட்டுவது பெரிய வித்தை இல்லை. இவரைப் போலவே பானையில் நின்ற பல்லாயிரம் பேர் கண்ணாடியிலும் நின்றிருப்பார்கள். கோடிக்கணக்கான வீடியோக்களிலிருந்து இப்படிச் சில நூறைச் சலித்தெடுத்து, பிறகு அவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். யூடியூப்காரர்கள் 2016இலேயே இந்த இரண்டு கட்ட முறையைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, தாண்டிப் போகிறேன்.

எனக்கு ஆச்சரியம் அந்த முதல் பானைதான். பானையே பார்த்திராத ஒருத்திக்கு அதை நீட்டலாம் என்று எந்திரத்துக்கு எப்படித் தைரியம் வந்தது? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் யாரோ ஏற்றிய, இன்னும் ஒரு ஜீவன்கூடப் பார்க்காத வீடியோவுக்கு முதல் பத்துப் பார்வையாளர்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள்?

ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வாருங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து இறங்குகிறீர்கள், நல்ல பசி. மூன்று தள்ளுவண்டிகள் நிற்கின்றன. ஒன்று அக்கா கடை. இதுவரை 40 நாள் சாப்பிட்டிருக்கிறீர்கள், 28 நாள் திருப்தி. அடுத்தது அண்ணன் வண்டி. நாலே நாள்தான் போயிருக்கிறீர்கள். இரண்டு நாள் பரவாயில்லை, இரண்டு நாள் சட்னி புளித்துக்கிடந்தது. மூன்றாவது வண்டி நேற்றுதான் வந்தது, பெயர்கூட எழுதவில்லை. இன்றைக்கு எங்கே கை நனைப்பது?

அக்கா கடையே போதும் என்று இருந்துவிட்டால் மோசமில்லை. ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே சிறந்த பொங்கல் அந்தப் பெயரில்லாத வண்டியில் கிடைக்கிறது என்பது ஆயுளுக்கும் தெரியாமல் போகலாம். தினம் ஒரு புதுக்கடை என்று அலைந்தால் வயிறு கெடும். எத்தனை நாள் பழைய கடை, எத்தனை நாள் சோதனை? இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது.

கடைக்கு ஒரு சொம்பு வையுங்கள். சொம்புக்குள் 0 முதல் 100 வரை எண் எழுதிய சீட்டுகள். எந்த எண் எத்தனை சீட்டில் இருக்கும் என்பதை உங்கள் அனுபவம் சொல்லும். அக்கா கடையை நன்றாகத் தெரியும், அதனால் அந்தச் சொம்பில் பெரும்பாலும் 55இலிருந்து 82க்குள் இருக்கும் எண்கள்தான் நெருக்கியடித்துக் கிடக்கும். அண்ணன் வண்டியைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும், சீட்டுகள் 15இலிருந்து 85 வரை சிதறும். மூன்றாவதைப் பற்றி ஒன்றுமே தெரியாது, 0 முதல் 100 வரை எல்லா எண்ணும் சரிசமம். இப்போது சொம்புக்கு ஒரு சீட்டு எடுங்கள். பெரிய எண் எந்தக் கடைக்கு விழுந்ததோ அங்கே போய்ச் சாப்பிடுங்கள். கை கழுவியதும், திருப்தியா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த ஒரு சொம்பின் சீட்டுகளை மட்டும் மாற்றி வையுங்கள். நாளைக்கு மறுபடி சீட்டு.

இதில் ‘வாரம் ஒருநாள் புதுக்கடை’ என்று தனியாக ஒரு விதி கிடையாது. ஆனாலும் பெயரில்லாத வண்டி அக்கா கடையோடு மட்டும் மோதினால் நூற்றில் 31 தடவை ஜெயிக்கும். காரணம், அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டுமே! அறியாமையின் அகலம்தான் அதற்கு வாய்ப்பு வாங்கித் தருகிறது. நாலு நாள் சாப்பிட்டதும் அகலம் குறைகிறது. பொங்கல் நன்றாயிருந்தால் சொம்பில் பெரிய எண்கள் குவியும், கடை உங்களுடையதாகிவிடும். சொதப்பியிருந்தால் சின்ன எண்கள் குவியும். அப்போதும் அடியில் ஓரிரு பெரிய சீட்டு கிடக்கும், என்றைக்காவது கையில் ஏறும். ஒரு தடவை சறுக்கியவனை அடியோடு ஒதுக்காத கணக்கு இது. ஆர்வம் தேவையான அளவுக்கு எழுந்து, தேவை தீர்ந்ததும் தானே அடங்குகிறது. மனிதர்களில் இதைப் பார்ப்பது அபூர்வம்.

இப்போது ஆளை மாற்றுங்கள். பசித்தவர் எந்திரம், தள்ளுவண்டிகள் வீடியோக்கள், நாக்கு உங்கள் கட்டைவிரல்.

உவமையை இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், மனசு வரவில்லை. அக்கா திடீரென்று மாஸ்டரை மாற்றினால்? பழைய 28 நாள் திருப்தி இனிச் செல்லாது. ஆகவே பழைய அனுபவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, சொம்பின் சீட்டுகளை மறுபடி சிதறவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போன மாதம் பானை பிடித்தது என்றால் இந்த மாதமும் பிடிக்கும் என்று கட்டாயமில்லையே. காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு இட்லி, ராத்திரி திரும்புகிறவருக்கு பரோட்டா. நேரத்துக்கு ஒரு செட் சொம்பு வேண்டும். இன்னும் போனால், பஜ்ஜியை நாக்கு கொண்டாடும், ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு திட்டும். எந்திரம் பெரும்பாலும் நாக்கைத்தான் விசாரிக்கிறது, வயிற்றை விசாரிப்பது எப்போதாவதுதான். கிளிக்கை எண்ணினால் பொய்த் தலைப்புகள்தான் மேலே வருகின்றன என்று 2012இல் யூடியூப் பார்க்கும் நேரத்தை எண்ணத் தொடங்கியது. அதுவும் நாக்குதான், கொஞ்சம் நீளமான நாக்கு.

கடைசியாக ஒன்று. கூட்டுரோட்டில் மூன்று வண்டி, இங்கே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் புது வண்டிகள். சொம்பு செய்கிற குயவருக்கே மூச்சு முட்டும். அதனால் வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், ‘ஆவி பறக்கிறது, வாழை இலை உண்டு, பாட்டு சத்தம்’ என்று குணங்களாகப் பிரித்து, குணத்துக்குச் சீட்டு போடுகிறார்கள். புது வண்டி வந்து நிற்கும்போதே பாதி ஜாதகம் கையில் இருக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. சீட்டு வித்தை ரீல்ஸுக்குப் பிறந்தது இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் தாம்சன் இதை 1933இல் எழுதினார், இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று தெரியாதபோது நோயாளிகளை எப்படிப் பிரிப்பது என்பதற்காக. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1952இல் புள்ளியியலாளர் ஹெர்பர்ட் ராபின்ஸ் வேறு வழியில் இதே சிக்கலுக்குள் வந்தார். அதற்கு முன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டு நிபுணர்களின் மூளையை இந்தக் கணக்கு அவ்வளவு உறிஞ்சியதாம், இதை ஜெர்மனி மேல் போட்டுவிட்டால் அவர்களும் வேலை கெட்டு உட்காருவார்கள் என்று யாரோ யோசனை சொன்னதாகக் கணிதவியலாளர் பீட்டர் விட்டில் பிறகு கிண்டலடித்தார். 2011இல் யாகூவின் ஒலிவியே ஷப்பேலும் லிஹோங் லியும் விளம்பரத்துக்கும் செய்திக்கும் தாம்சனின் சீட்டைப் போட்டுப் பார்த்து, சிக்கலான புது முறைகளுக்கு இது சளைத்ததில்லை என்று காட்டினார்கள். 78 வருஷம் கழித்து மரியாதை. நம் ஊர்க் கதை தெரிந்ததே. 2020 ஜூன் 29இல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை. ஜூலையில் இங்கே ரீல்ஸ், செப்டம்பரில் இந்தியாவை வைத்தே யூடியூப் ஷார்ட்ஸின் சோதனை ஓட்டம்.

இந்த மாதிரிச் சீட்டு விளையாட்டுகளையும் சேர்த்துத்தான் ‘உங்களை உங்களைவிட நன்றாக அறிந்த செயற்கை நுண்ணறிவு’ என்று விற்கிறார்கள். போன மாதம் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று சாக்பீஸை நசுக்குகிற வீடியோவை ஓடவிட்டபடி தூங்கிப்போனேன். விடியும்வரை அது திரும்பத் திரும்ப ஓடியது. நசுக்குவதில் எனக்குத் தீராக் காதல் என்று எந்திரம் முடிவு கட்டிவிட்டது. பிறகு ஒரு வாரம் தர்பூசணி, மெழுகுவத்தி, பந்து என்று நசுங்கிக்கொண்டே இருந்தன. என்னை அறிந்த லட்சணம் இது.

‘அல்காரிதத்தை ஜெயிக்கும் ரகசியம்’ என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 14,341 பேரிடம் பிரபலமாகாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலரைத் தனியாகக் கேட்க விட்டார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று அந்தந்த உலகத்துக்குள் மட்டும் காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்கள் 26ஆம் இடம் கொடுத்த பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆம் இடம்! மிக நல்லது அநேகமாகத் தோற்காது, மிக மோசமானது அநேகமாக ஜெயிக்காது. நடுவில் கிடக்கும் பெருங்கூட்டத்துக்கு முதல் சில சீட்டு எப்படி விழுகிறது என்பதே விதி. இதற்கு ரகசியம் விற்பவர் கிளி ஜோசியருக்குத் தம்பி. பார்வை எண்ணிக்கையைக் காட்டி அசத்துபவர்களுக்கு இன்னொரு தகவல்: 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கு. தள்ளிவிடும் வழியில் கண்ணில் பட்டதும் அதில் சேர்த்தி.

சொம்பு இல்லாத கடைக்குச் சீட்டே விழாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, கண்ணைக் கட்டிப்போடுகிற காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அமுக்கில் இரும்புத் தகடு கார்க் கதவாகிறது. ரோபோ கைகள் தீப்பொறி பறக்க வெல்டிங் வைக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் ஒருங்கிணைக்கிற போனில்தான் உலகம் இந்த வீடியோக்களைப் பார்க்கிறது. ஆனால் கம்பெனி வாசலிலேயே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், அல்லது போனையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தொழில் ரகசியம், நியாயம்தான். அதனால் நிஜ பிரஸ்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு, எங்கோ ஒருவர் சாக்பீஸ் நசுக்குவதை நாம் பார்க்கிறோம்.

அடுத்த கட்டில்காரிக்கு என்ன செய்வது? அவர் போனில் சீரியல் சொம்பில் பெரிய எண்கள் நிறைந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். லைக் போடுவதில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம், முழுசாகப் பார்ப்பதும் திரும்பப் பார்ப்பதும் கனமான சாட்சி. தேடல் பெட்டியில் கையால் தட்டுங்கள். ‘அழகான வீடியோ’ என்று தட்டினால் காதலர் தினப் பாட்டு வரும். ‘சுடுமண்’, ‘தறி’, ‘மரக்கடைசல்’ என்று வேலையின் பெயரைத் தட்டுங்கள். கிடைத்ததில் இரண்டை ஆற அமரப் பாருங்கள். வேண்டாததை ‘ஆர்வமில்லை’ என்று அழுத்துங்கள். சீரியல் வந்ததும் திட்டிக்கொண்டே பத்து விநாடி பார்ப்பதை நிறுத்துங்கள், திட்டு எந்திரத்துக்குக் கேட்காது, பத்து விநாடி கேட்கும்.

சோதனை செய்துபார்க்க ஆசையிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்களும் அவரும் போனை மாற்றிக்கொண்டு அரைமணி நேரம் தள்ளிக்கொண்டிருங்கள். உங்கள் விரல் அவருடைய போனில் எத்தனையாவது வீடியோவில் முதல் பானையை வரவைக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். சீரியல்காரர் போனைக் கொடுப்பாரா என்பதுதான் சந்தேகம்.