கறுப்பு நீருக்குள் ஒரு மரபணுத் தேடல்

மலேசியாவின் பகாங்கிலும், சுமத்ரா, போர்னியோ தீவுகளின் தாழ்நிலங்களிலும் பீட் சதுப்புக் காடுகள் பரவிக் கிடக்கின்றன. உதிரும் இலையும் முறிந்து விழும் மரமும் அங்கே முழுதாக மட்குவதில்லை. தேங்கிய நீர் ஆக்சிஜனைத் தடுத்துவிடுகிறது. நீரின் நிறம் கடுந்தேநீர். புளிப்போ ஆரஞ்சுச் சாற்றுக்கு நிகர், பிஎச் அளவு 3 முதல் 4 வரை. இப்படி மட்காமல் தங்கியதே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல மீட்டர் ஆழத்துக்குப் பீட்டாகச் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. ஆகவே மண்ணிலிருந்தே நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்துப் படிக்கிறார்கள். அசிடோபாக்டீரியா என்ற பெருங்குழு இத்தகைய மண்ணில் எவ்வளவு மிகுதி என்பது இப்படித்தான் தெரிந்தது. தட்டில் வளரும் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் மரபணுத்தொகையை முழுமையாகவே படிக்கலாம். டிஎன்ஏவைத் துண்டுகளாக்கிப் படித்து, ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் ஓரங்களைக் கொண்டு கணினி அவற்றைக் கோக்கும்.

தென்கிழக்குப் பகாங்கின் பீட் மண்ணில் கிடைத்த புர்க்கோல்டேரியா பலூடிஸ் அப்படிப்பட்டது. 2016இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. இனங்காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணு, நெருங்கிய உறவுள்ள புர்க்கோல்டேரியா இனங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. மரபணுத்தொகைகளை முழுதாக ஒப்பிடும்போது ஒற்றுமை ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் தனி இனம் என்ற முடிவு உறுதிப்படும்.

இந்தப் பாக்டீரியா பயோசெலின் என்ற பொருளைச் சுரக்கிறது. இரும்பைப் பற்றி இழுப்பது அதன் வேலை. என்டரோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியையும் அது ஒடுக்குகிறது. பொருள் புதிதல்ல, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் முன்பே அறியப்பட்டதுதான். ஆனால் மருந்தெனக் கொண்டாடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலூடிஸ் சேர்ந்திருக்கும் செபாசியா என்ற புர்க்கோல்டேரியாக் கூட்டம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலைத் தாக்கப் பேர்போனது. நோய் உண்டாக்கும் மரபணுக்கள், மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள், மருந்துப்பொருளை உருவாக்கும் மரபணுத் தொகுப்புகள் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் தேடிப் பார்க்க முடிவதே மரபணுத்தொகை வாசிப்பின் பெரிய பயன்.

காடோ குறைந்துவருகிறது. எண்ணெய்ப்பனைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் பீட்டுக்குள் காற்று புகுகிறது. அதுவரை அடங்கியிருந்த மட்கல் முடுக்கம் பெறுகிறது, உலர்ந்த பீட் தீப்பற்றுகிறது. 1997இல் இந்தோனேசியாவின் பீட் நிலத்தீயும் காட்டுத்தீயும் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பனை வெளியேற்றியதாகக் கணக்கிடப்பட்டது. அங்குள்ள பாக்டீரியாக்களை அறியாமலே இழந்துவிடாதிருக்க, வாய்க்கால் வெட்டுமுன் அந்த மண்ணின் மாதிரியாவது சேகரிக்கப்பட வேண்டும்.