தன்னைத் தானே சுட்டும் சொல்

வேலைக்கான நேர்முகத் தேர்வு. "டெல் அஸ் அபவுட் யுவர்செல்ஃப்" என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். "மைசெல்ஃப் செந்தில், ஃப்ரம் மதுரை" என்று தொடங்குகிறார் இளைஞர். நல்ல மதிப்பெண், துறையறிவு எல்லாம் உண்டு. ஆனாலும் முதல் சொல்லிலேயே கேட்பவரின் புருவம் லேசாக உயர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியாவின் பல பகுதிகளிலும் இப்படித்தான் அறிமுகம் நடக்கிறது. சின்ன வகுப்பில் 'மைசெல்ஃப்' என்ற தலைப்பில் எல்லோரும் எழுதிப் பழகிய அந்தக் கட்டுரைதான் இதற்கு வேர் என்பது என் ஊகம். தலைப்பாக இருந்தது அப்படியே வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொண்டது. "ஐ ஆம் செந்தில்" அல்லது "மை நேம் இஸ் செந்தில்" போதும். ஆங்கிலத்தில் 'மைசெல்ஃப்' தனியாக எழுவாயாக நிற்காது. ஒருவர் செய்யும் செயல் திரும்பி அவர்மேலேயே வந்து விழும்போதுதான் அதற்கு முக்கிய வேலை. "மே ஐ இன்ட்ரடியூஸ் மைசெல்ஃப்?" என்று அதே இளைஞர் கேட்டிருந்தால் அது முழுக்கச் சரி. அறிமுகப்படுத்துபவரும் அவரே, அறிமுகமாகிறவரும் அவரே.

"ஷி ஹர்ட் ஹர்" என்றால் ஒருத்தி இன்னொருத்தியைக் காயப்படுத்தினாள். "ஷி ஹர்ட் ஹர்செல்ஃப்" என்றால் காயம் அவளுக்கே. முக்கியமாக இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஆங்கிலம் 'செல்ஃப்' வரிசையை வைத்திருக்கிறது. மரியாதைக்கோ அழகுக்கோ சேர்ப்பதல்ல அது. "ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்" என்று அலுவலகக் கடிதங்களில் எழுதுவது பணிவாகத் தோன்றலாம். அங்கே 'மீ' என்பதுதான் இலக்கணம்.

நமக்கு இது ஏன் கடினம்? தமிழில் இந்த வேலையில் பெரும்பங்கை வினையே பார்த்துக்கொள்கிறது. 'கொள்' என்ற துணைவினையைச் சேர்த்துவிட்டால் போதும். 'அறிமுகப்படுத்தினான்', 'அறிமுகப்படுத்திக்கொண்டான்' இரண்டுக்கும் உள்ள தூரம் எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். பெயர்ச்சொல்லைத் தேடிப் போகவேண்டிய தேவையே பல நேரம் வருவதில்லை. அதனால் ஆங்கிலத்தில் எங்கே 'செல்ஃப்' வேண்டும் என்று யோசிக்கும்போது, மனத்துக்குள் அந்தத் தமிழ் வினையைச் சொல்லிப் பார்ப்பது நல்ல தொடக்கம். பந்தியில் "எடுத்துப் போட்டுக்கோங்க" என்கிறோமே, அதற்கு நேரான ஆங்கிலம் "ஹெல்ப் யுவர்செல்ஃப்". இங்கே 'கோங்க'வும் 'செல்ஃப்'பும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. 'கல்யாணம் பண்ணிக்கொண்டான்' என்பதற்கு ஆங்கிலத்தில் வெறும் "ஹி காட் மேரிட்". 'ஒப்புக்கொண்டான்' வெறும் "ஹி அட்மிட்டட்". 'அடித்துக்கொண்டார்கள்' என்றால் ஒருவரை ஒருவர். ஆங்கிலத்தில் "தே ஹிட் ஈச் அதர்". அங்கே 'தெம்செல்வ்ஸ்' போட்டால் இருவரும் தனித்தனியே தங்கள் தலையில் தாங்களே அடித்துக்கொண்டதாக ஆகிவிடும். 'கற்றுக்கொண்டான்' இன்னும் சுவையானது. "ஹி லேர்ன்ட் தமிழ்" என்பதில் செல்ஃப் கிடையாது. ஆசிரியர் இல்லாமல் தானாகக் கற்றுக்கொண்டான் என்றால் வினையே மாறி, "ஹி டாட் ஹிம்செல்ஃப் தமிழ்" என்று ஆகிறது. தனக்குத் தானே ஆசிரியரானான் என்பதை ஆங்கிலம் அப்படிப் பார்க்கிறது.

குளிப்பது, சவரம் செய்வது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் செல்ஃப்பை விட்டுவிடும். காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டவரைப் பற்றி "ஹி ஷேவ்ட்" என்றாலே போதும்; தனக்குத்தான் செய்துகொண்டிருப்பார் என்பது வெளிப்படை. கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்தவர் பிறகு முதன்முறையாகத் தானே செய்துகொண்டால் "ஹி கேன் ஷேவ் ஹிம்செல்ஃப் நவ்" என்பார்கள். மூன்று வயதுக் குழந்தை தானே சட்டை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டால் "ஷி கேன் டிரெஸ் ஹர்செல்ஃப்". பிறர் செய்துவிடும் நிலை ஒன்று இருந்தது என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இலக்கணப் புத்தகங்கள் இதை விதிவிலக்கு என்று ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு எப்போதும் வருத்தம். ஃபீல், ரிலாக்ஸ், கான்சன்ட்ரேட் என்ற மூன்றுக்கும் பொதுவாகச் செல்ஃப் வேண்டாம். "ஐ ஃபீல் மைசெல்ஃப் டயர்ட்" என்று எழுதக்கூடாது.

இதற்கு நேரெதிராக, செல்ஃப் இல்லாமல் நடக்காத வினைகளும் இருக்கின்றன. 'ப்ரைட்' என்பதை வினையாக்கிப் பெருமைகொள்வதைச் சொல்லும்போது "ஷி ப்ரைட்ஸ் ஹர்செல்ஃப் ஆன் ஹர் குக்கிங்" என்றே வரும். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொல்பவர் "பெர்ஜர்ஸ் ஹிம்செல்ஃப்". 'என்ஜாய்' என்பதற்கு ஏதாவது ஒரு செயப்படுபொருள் வேண்டும். "வி என்ஜாய்ட் த டூர்" அல்லது "வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்". சுற்றுலா போய் வந்து "வி என்ஜாய்ட் எ லாட்" என்று நாம் நிறுத்திக்கொள்வது அவர்கள் காதுக்கு அரைகுறையாகக் கேட்கும்.

நம் அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் 'அவெய்ல்' அடுத்தது. "ஐ விஷ் டு அவெய்ல் கேஷுவல் லீவ்" என்று எழுதாத அலுவலகம் உண்டா? பிரிட்டிஷ் வழக்கில் அது "அவெய்ல் மைசெல்ஃப் ஆஃப்" என்றே இருக்கும். நம்மிடையே நிலைத்துவிட்ட வழக்கைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 'டேக்' அல்லது 'யூஸ்' என்று எழுதிவிடுவது நல்லது. படிப்பவருக்கும் அது எளிது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்த வசதி இப்படி இல்லை. 'அவன் அவனைக் கொன்றான்' என்ற அமைப்பிலேயே தற்கொலையையும் சொல்வார்கள், கொலையையும் சொல்வார்கள். இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டும். 'செல்ஃப்' அப்போது அழுத்தம் தரும் தனிச்சொல். 'அவனேதான்' என்று அடித்துச் சொல்லப் பயன்பட்டது, மெல்ல மெல்லப் பெயரோடு ஒட்டி, செயல் திரும்பி விழுவதைக் காட்டும் சொல்லாயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்திலும் வெறும் 'மீ', 'தீ' அந்த வேலையைப் பார்த்துவந்தன. "டேக் அன் அம்ப்ரெல்லா வித் யூ" என்பதில் 'யுவர்செல்ஃப்' வராமல் இருப்பது அந்தப் பழைய நிலையை இன்றும் நினைவூட்டுகிறது. தமிழில் 'தான்' என்பதும் இரண்டு வேலையும் செய்வதைக் கவனியுங்கள். 'அவன்தான் வந்தான்' என்பதில் அழுத்தம், 'தன்னைப் பார்த்தான்' என்பதில் தற்சுட்டு. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் அழுத்தமும் தற்சுட்டும் ஒரே சொல்லில் கூடியிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

'யூ' என்ற ஒரே சொல்லால் ஒருவரையும் பலரையும் அழைக்கும் இன்றைய பொது ஆங்கிலம், இங்கே மட்டும் 'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' என்று பிரித்துவைத்திருக்கிறது. விருந்துக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் 'நீங்கள்' என்ற மரியாதையை மனத்தில் வைத்துப் பன்மையில் சொல்லிவிடக்கூடாது. அவருக்கு 'யுவர்செல்ஃப்'தான், குடும்பமாக வந்திருந்தால் 'யுவர்செல்வ்ஸ்'.

மொழிபெயர்ப்பவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்கவேண்டிய இடம் இன்னொன்று. ஆங்கிலத்தில் செல்ஃப் தன் வாக்கியக் கூறுக்குள்ளேயே ஆளைத் தேடும். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1981இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கோட்பாட்டின் முதல் விதி இதைத்தான் சொல்கிறது. நம் 'தன்' அப்படியல்ல, கூறைத் தாண்டியும் போகும். 'ரவி தன்னை அடித்ததாக ராமன் புகார் கொடுத்தான்' என்றால் அடிபட்டவன் ராமன் என்று தமிழில் தயக்கமில்லாமல் புரிகிறது. இதைக் காவல் நிலையப் புகாரிலோ செய்தியிலோ ஆங்கிலமாக்கும்போது 'தன்னை' என்பதற்கு 'ஹிம்செல்ஃப்' போட்டால், ரவி தன்னைத் தானே அடித்துக்கொண்டதாக ராமன் புகார் கொடுத்தான் என்று ஆகிவிடும். புகாரே தலைகீழ். அங்கே வரவேண்டியது வெறும் 'ஹிம்'. அந்த 'ஹிம்' வேறொருவரைக் குறிக்குமோ என்ற ஐயம் வந்தால், ராமன் என்று பெயரையே எழுதிவிட வேண்டும்.