மெல்லக் கசியும் மாத்திரையை எப்படி அளப்பது?

புதுச்சேரியில் உள்ள, முன்பு ஷாசன் என்றும் இப்போது சோலாரா என்றும் பெயர்கொண்ட நிறுவனத்தின் ஆலையில், இபுப்ரொஃபென் மூலப்பொருள் தயாராகிறது. 1960களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டுபிடித்த வலி மருந்து இது. வெறும் வெள்ளைப் பொடி. ரத்தத்தில் ஏறிய அளவு சுமார் இரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால்தான் மூட்டுவலிக்காரர்கள் மூன்று வேளையும் விழுங்க வேண்டியிருக்கிறது.

இந்த அவஸ்தையைக் குறைக்க வந்ததுதான் பாலிமர். எச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் வகையோடு மருந்தைக் கலந்து அழுத்தினால், வயிற்றில் தண்ணீர் பட்டதும் மாத்திரை சப்ஜா விதைபோல வழவழவென்று உப்பிக்கொள்ளும். அந்தக் கூழைத் தாண்டி மருந்து மெல்ல மெல்லத்தான் கசியும்.

நோயாளிக்கு நல்லது, அளப்பவருக்குத்தான் தலைவலி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்பட எங்கே பார்மசி படித்தாலும் மாத்திரையில் உள்ள மருந்தை அளக்கக் கற்றுத்தான் ஆக வேண்டும். இருபது மாத்திரைகளை எடை போட்டு, கல்வத்தில் பொடித்து, 100 மில்லிகிராம் மருந்துக்குச் சமமான பொடியை எடுப்பார்கள். மெத்தனால் போன்ற கரைப்பானில் குலுக்கி, வடிகட்டி, நீர்க்க வைத்து, புறஊதாக் கருவியில் சுமார் 221 நானோமீட்டரில் பார்ப்பார்கள். மருந்து கூடக்கூட, விழுங்கப்படும் ஒளியும் கூடும். பல மாத்திரைகளுக்கு இந்திய பார்மகோபியா அனுமதிப்பது, அட்டையில் போட்டிருப்பதில் 95 முதல் 105 சதவீதம்.

சிக்கல் குலுக்குவதில்தான் இருக்கிறது. கூழுக்குள் கொஞ்சம் மருந்து சிக்கிக்கொண்டால், நல்ல மாத்திரையும் குறைவாகக் காட்டும். பாலிமர் துகள் வடிதாளைத் தாண்டி வந்து கரைசலைக் கலங்கடித்தால், மட்டமான மாத்திரையும் நிறைவாகக் காட்டும். பின்னது ஆபத்தானது. ஆகவே மருந்தில்லாத வெறும் பாலிமர் கலவையையும் அதே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். தெரிந்த அளவு மருந்தை அதில் சேர்த்து, அது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆய்வறிக்கையை நான் நம்பமாட்டேன்.

மொத்த அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. 37 டிகிரி சூட்டில், பெரும்பாலும் 900 மி.லி. கரைசலில், துடுப்பு சுழல, மணிக்கணக்கில் சாம்பிள் எடுத்து, எப்போது எவ்வளவு வெளியேறியது என்றும் பார்க்கிறார்கள். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். (மெல்லக் கசியும் வகை) சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் சிலர், மாத்திரை மலத்தில் அப்படியே வந்துவிட்டதாகப் பதறுவதுண்டு. வருவது பெரும்பாலும் மருந்து கசிந்து முடிந்த கூடுதான்.

ஆனால் இத்தகைய மாத்திரையை விழுங்கும் முன் அம்மியில் நசுக்கினால், நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருந்தால், மருந்தாளுநரைக் கேட்காமல் உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். விழுங்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து எழுதி வாங்குங்கள்.