தீபாவளிச் சீட்டு: புதிதாக உட்காருவோருக்கு

நாம் நரக சதுர்த்தசி விடியற்காலையில் கங்கா ஸ்நானம் முடித்து, மருந்து சாப்பிட்டு, பத்து மணிக்குள் தீபாவளியை முடித்துவிடுகிறோம். இங்கே தில்லியில் அக்கம்பக்கத்தாருக்குத் தீபாவளி களைகட்டுவதே அமாவாசை மாலையில்தான். லட்சுமி பூஜை ஆனதும் விரிப்பைப் போட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடிய நாள் என்று அதற்குப் புராணமும் உண்டு. "ஆயியே, பைட்டியே" என்று அன்போடு கூப்பிடும்போது மறுக்கவும் முடியாது. மாற்றலாகி வந்திருக்கும் நம்மவர்களுக்கு ரம்மி தெரியும். தீன் பத்தி தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆங்கிலேயரின் 'பிராக்' ஆட்டத்தின் வழியில் வந்தது இது; போக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். எல்லோரும் நடுவில் ஒரு சிறு தொகை போடுவார்கள், அது 'பூட்'. ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒரே எண்ணானால் 'ட்ரெயில்', அதுதான் உச்சம். அடுத்து ஒரே ஜாதியில் வரிசை, பிறகு வெறும் வரிசை, ஒரே ஜாதி, ஜோடி, கடைசியில் பெரிய சீட்டு. ஆஸ்-2-3 எந்த இடத்தில் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

52 சீட்டில் மூன்று சீட்டு 22,100 விதமாக வரலாம். அதில் 16,440 விதம் ஜோடிகூட இல்லாத வெறும் கை. அதாவது நாலு தடவையில் மூன்று தடவை கையில் ஒன்றும் இராது. ஆகவே 'பேக்' சொல்லிச் சீட்டைக் கவிழ்ப்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். ஜோடி வந்துவிட்டால் குதிக்கவும் வேண்டாம். ஆறு பேர் ஆடும் இடத்தில் மற்ற ஐவரில் ஒருவரிடமாவது ஜோடியோ அதற்கு மேலோ இருப்பது நாலுக்கு மூன்று தடவை நடக்கும். (ட்ரெயில் 52 விதம், ஒரே ஜாதி வரிசை 48 விதம்தான். அரியது கீழே நிற்கிறது! யாரும் கவலைப்படுவதில்லை.)

சீட்டைப் பார்க்காமல் ஆடுபவர் 'பிளைண்டு'. அவர் 10 ரூபாய் போட்டால் பார்த்தவர் குறைந்தது 20 போடவேண்டும். புதியவர் அவசரமாகச் சீட்டைப் புரட்டிப் பார்க்கிறார்; அந்த நொடியே அவருடைய செலவு இரட்டிப்பாகிறது. முதல் ஓரிரு சுற்றுப் பார்க்காமல் இருங்கள். பார்த்த பிறகு ஒன்றுமில்லையென்றால் உடனே பேக். நடுத்தரமான கையானால், உங்களுக்கு முன் ஆடியவரும் சீட்டைப் பார்த்திருந்தால், 'சைடு ஷோ' கேளுங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் ரகசியமாக ஒப்பிட்டு, சின்ன கைக்காரர் விலகவேண்டும். எல்லோர் முன்பும் திறக்கும் 'ஷோ' கடைசி இருவர் மிஞ்சினால் மட்டுமே.

இதெல்லாம் ஒரு மாலையில் பழகிவிடும். ஆளை விழுங்குவது வேறு. "அஞ்சு ரூபாய் ஆட்டம்தான்" என்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம் முறையில் பந்தயத்தை இரட்டிக்கலாம். ஐந்து பேர் ஆளுக்கொரு தடவை இரட்டித்தால் 5, 160 ஆகிவிடும். ஒரே சுற்றுதான்! ஆறாவது ஆள் சீட்டைப் பார்த்தவரானால் 320 வைத்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு தமிழ்ப் பையன் ஜாக்கி ஜோடியை நம்பி, பொங்கலுக்கு ஊர் போக வைத்திருந்த டிக்கெட் பணத்தை இப்படி விட்டதை நானே பார்த்தேன். அங்கே யாரும் ஏமாற்றவில்லை; விதிப்படிதான் நடந்தது. ஆகவே உட்காரும் முன்பே, "ஒரு முறைக்கு அதிகபட்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். உச்சவரம்பு இல்லையென்றால் தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பாருங்கள். உண்டென்றால், போனாலும் பரவாயில்லை என்கிற தொகையைத் தனிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பர்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

1968ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டமென்று ஏற்றபோது, இந்த மூன்று சீட்டை அதிர்ஷ்ட ஆட்டமென்றே ஒதுக்கியது. வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுக்கிறார் என்றால் அது பண்டிகை விளையாட்டு அல்ல, எழுந்து வந்துவிடுங்கள். பணம் வைத்துச் செல்பேசியில் ஆடுவதற்கோ 2025ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் இயற்றிவிட்டது.

எழுந்திருப்பதற்கும் ஒரு வழி வேண்டும். "பத்து மணி வரைதான் இருப்பேன்" என்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிளம்பினால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். போகும்போது ஒரு தட்டு முறுக்கு கொண்டுபோங்கள். நம் கைமுறுக்குக்கு அங்கே நல்ல மரியாதை.