உங்களுக்குத் தெரியுமா? பனி ஊரில் போட்டோ ஸ்டூடியோ

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது யூக்கான். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். 2021 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 40,232 பேர்தான். அதில் 28 ஆயிரம் பேர் தலைநகர் ஒயிட்ஹார்ஸில் வசிக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் அலாஸ்காவிலும் நிலம் அதிகம், ஆள் குறைவு. இவ்வளவு குறைந்த வாடிக்கையாளர்களை நம்பி, பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் போட்டோ எடுத்தே குடும்பம் நடத்த முடியுமா? 120 வருடங்களுக்கும் மேலாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

● போட்டோகிராபர்கள் தவம் கிடக்கும் ‘கோல்டன் ஹவர்’ என்பது, சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும் நேரம். சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடுவதால் மாலையில் அது அரை மணி நேரம்கூட நிற்காது. ஒயிட்ஹார்ஸிலோ டிசம்பர் 21 அன்று உச்சிவேளையிலேயே சூரியன் 6 டிகிரியை எட்டிப் பார்ப்பதோடு சரி. அன்றைய பகல் ஐந்தரை மணி நேரம்தான். ஆனால் வானம் தெளிந்திருந்தால் அந்த ஐந்தரை மணி நேரமும் முகத்தில் விழுவது பொன் வெளிச்சம்! இன்னும் வடக்கே, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் அதே நாள் நண்பகலில் சூரியன் 2 டிகிரிக்கும் கீழே.

● ஜூனில் கதை தலைகீழ். ஒயிட்ஹார்ஸில் பகல் 19 மணி நேரத்துக்கு நீள்கிறது. சூரியன் மறையும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். அதனால் கோடையில் குடும்பப் படம் எடுக்க நல்ல நேரம், சாப்பிட்டு முடித்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல். கல்யாணங்களும் சுற்றுலாவும் கட்டட வேலைகளும் இந்தச் சில மாதங்களுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கோடையில் உழைத்ததை வைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். வடக்கே ஸ்டூடியோ தொடங்குகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு கேமரா விலையல்ல, இந்த மாதக் கணக்கு.

● பனிமேல் நிற்பவரை கேமராவின் போக்கில் விட்டு எடுத்தால் பனி சாம்பல் நிறத்தில் வரும், முகம் இருண்டுபோகும். உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி அளக்கிறது. புதுப் பனியோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். எனவே எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டி வைக்க வேண்டும்.

அதே பனி ஒரு உதவியும் செய்கிறது. நம் படப்பிடிப்புகளில் தெர்மாகோல் பலகையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றுவார்களே, அந்த வேலையைத் தரை முழுவதும் பரவிய பனி சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறது. கண்ணுக்குக் கீழே விழும் நிழல் காணாமல் போகும். வயதானவர்களைப் படமெடுக்க இதைவிட அன்பான வெளிச்சம் கிடையாது.

● குளிரில் கேமராவுக்கு ஆபத்து வெளியே இருக்கும்போது அல்ல, வீட்டுக்குள் நுழையும்போதுதான். மைனஸ் 30 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்த கேமராவைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படியும். லென்ஸின் உட்புறத்திலும், மின்சுற்றிலும்கூட. இதற்கு அங்குள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழி மிக எளிது. வாசலுக்கு வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். பிறகு உள்ளே கொண்டுவந்து, அறையின் சூடு ஏறும் வரை சில மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். ஈரம் பையின்மேல் படியும், கேமரா தப்பிக்கும். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

● பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரைதான் இயக்கலாம் என்று போட்டிருக்கும். வடக்கே குளிர்காலம் முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேதான் வேலை. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் மறுபடி உயிர் பெறும். ஆகவே மாற்று பேட்டரியின் இடம் கேமராப் பை அல்ல, நெஞ்சுக்குப் பக்கத்தில்.

● ஃபிலிம் காலத்தில் இன்னொரு தொல்லை. உலர்ந்த குளிர்காற்றில் ஃபிலிமை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறியாகக் கிளம்பி, கழுவிய படத்தில் குட்டி மின்னல்களாகப் பதிந்திருக்கும். மெதுவாகச் சுற்றுவதே ஒரே மருந்து.

● துருவ ஒளி முதன்முதலில் படமெடுக்கப்பட்டது 1892-ல். எடுத்தவர் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்; இடம் நார்வேயின் வடகோடியிலுள்ள போசெகோப். இன்று துருவ ஒளிக்குக் கீழே நின்று தம்பதி படம் எடுத்துக்கொள்வது வடக்கத்திய ஸ்டூடியோக்களுக்கு நல்ல வருமானம். ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்க வேண்டும் என்பதால் ஜோடி சிலையாக நிற்க வேண்டும். மெல்லிய ஃபிளாஷ் ஒன்று அவர்களைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் பல பயணிகளுக்குத் தெரிவதில்லை. ஜூன், ஜூலையில் போனால் துருவ ஒளி கண்ணில் படாது. வானத்தில் அது இருந்தாலும் இருட்டு வேண்டுமே! ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் வரைதான் அதன் பருவம்.

● இந்தத் தொழிலுக்கு அங்கே விதை போட்டது தங்கம். 1896 ஆகஸ்டில் யூக்கானின் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள். அவர்களோடு கிளம்பியவர் எரிக் ஹெக். 1867-ல் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். தங்கம் தோண்டப் போகிறவர்களைப் படம் எடுப்பதே நிச்சயமான வருமானம் என்று கணித்தார்.

க்ளோண்டைக் போகும் வழியிலிருந்த சில்கூட் கணவாயை அவர் 1898-ல் எடுத்த படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்: வெள்ளை மலைச்சரிவில் எறும்புச் சாரி போலக் கறுப்பாக ஒரே வரிசையில் ஏறும் மனிதர்கள். அந்த வரிசை ஏன் அவ்வளவு நீளம் தெரியுமா? ஆள் ஒன்றுக்கு ஒரு வருடத்துக்கான உணவும் சாமானும், ஏறக்குறைய ஒரு டன், இல்லாமல் கனடாக் காவலர்கள் எல்லையில் விடுவதில்லை. முதுகில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து ஒரே ஆள் பல பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஹெக்கும் தம் சாமான்களை அதே வழியில்தான் கொண்டுபோனார். அதுவும் உடையும் கண்ணாடி பிளேட்டுகளை! ஆடுகள் பூட்டிய சறுக்குவண்டியில் அவருடைய சாமான்கள் போகும் படமும் இருக்கிறது. யூக்கான் ஆற்றில் இறங்கியபோது படகிலேயே இருட்டறை கட்டிக்கொண்டார்.

● ஹெக் போய்ச் சேர்ந்த, க்ளோண்டைக்கின் டாசன் நகரத்தில் அப்போது தங்கத்தூளே நாணயம். ஒவ்வொரு கடைமேசையிலும் ஒரு தராசு இருக்கும். ரொட்டி முதல் மதுபானம் வரை எல்லாவற்றுக்கும் எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள்.

● 1899-ல் ஹெக் டாசனை விட்டுப் போனார். நெகட்டிவ்கள் அங்கேயே தங்கிவிட்டன. பல ஆண்டுகள் கழித்து, அங்கே ஒரு மரவீட்டின் சுவர்களுக்குள் சுமார் 200 கண்ணாடி நெகட்டிவ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வீட்டுக்காரருக்கு அவை வெறும் கண்ணாடிகள். மேலே இருக்கும் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைக்குப் பயன்படுத்தத்தான் இருந்தார். விவரம் தெரிந்த ஒருவர் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து அவற்றை மீட்டார். ஹெக்கின் படங்கள் இன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு நகரத்தின் நினைவு ஒரு தக்காளிச் செடிக்குக் கூரையாகப் போகப் பார்த்தது என்பதை நினைக்கும்போதே எனக்குப் பதறுகிறது.

● டாசனின் பழைய புகைப்படங்களை வைத்தே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957-ல் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தது. இயக்கியவர்கள் காலின் லோ, உல்ஃப் கோனிக். அசையாத படங்களின்மேல் கேமராவை மெல்ல நகர்த்தியும் நெருங்கியும் உயிர் கொடுத்தார்கள். கான் விழாவில் பரிசு பெற்றது, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் இந்தப் படத்திலிருந்துதான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். இன்று உங்கள் கல்யாண ஆல்பம் வீடியோவில் போட்டோ மெதுவாக நகர்ந்து பெரிதாகிறதே, மென்பொருள்களில் அந்த உத்திக்குப் பெயர் ‘கென் பர்ன்ஸ் எஃபெக்ட்’.

● தங்கவேட்டை ஓய்ந்த பிறகும் நிலைத்த கடை எது என்று கேட்டால், அலாஸ்காவின் ஜூனோ நகரத்து ‘வின்டர் அண்ட் பாண்ட்’டைச் சொல்வேன். 1893-ல் தொடங்கி 1956 வரை நடந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு முகப்படம், பக்கத்திலிருந்த ட்ரெட்வெல் தங்கச் சுரங்கத்தில் தொழில்படம், நீராவிக் கப்பலில் வரும் பயணிகளுக்கு இயற்கைக் காட்சி. மூன்று வருமானத்தில் ஒன்று வற்றினாலும் மற்றது தாங்கும். 1917-ல் ட்ரெட்வெல் சுரங்கத்தில் கடல்நீர் புகுந்து பெரும்பகுதி மூழ்கியது. ஸ்டூடியோ மூழ்கவில்லை!

● அலாஸ்காவின் நோம் நகரத்தில் லோமன் சகோதரர்கள் 1908 முதல் ஸ்டூடியோ நடத்தினார்கள். கூடவே கலைமான் வளர்ப்பிலும் இறங்கி, அண்ணன்தம்பிகளில் ஒருவரான கார்ல் லோமன் ‘கலைமான் ராஜா’ என்றே பெயர் வாங்கினார். 1934 செப்டம்பரில் நகரத்தை எரித்த தீயில் ஸ்டூடியோவும் போயிற்று.

● இந்தத் துணுக்குகளில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். யூக்கானின் டெஸ்லின் ஊரில் வாழ்ந்த ட்லிங்கிட் பழங்குடியைச் சேர்ந்தவர். தொழில் மென்மயிர் விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பது. அஞ்சல்வழி விலைப்பட்டியலைப் பார்த்து ஒரு கேமராவை வரவழைத்தார். 1910-களிலிருந்து 1940-கள் வரை தம் மக்களைத் தாமே படமெடுத்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்த படங்களில் பழங்குடிகள் பெரும்பாலும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஜான்ஸ்டனின் படங்களில் சிரிக்கிறார்கள். எடுப்பவர் வீட்டு ஆள் அல்லவா!

அதே மனிதர் 1928-ல் ஒரு செவ்ரலே காரும் வாங்கினார். ஊருக்குச் சாலையே கிடையாது. நீராவிப் படகில் வந்து இறங்கியது கார். காருக்காகச் சில மைல் பாதையைத் தாமே போட்டார். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் வாடகைக் காராக ஓட்டினார். பனியோடு பனியாகத் தெரிய வெள்ளை பூசி வேட்டைக்கும் கொண்டுபோனார். 1942-ல் அலாஸ்கா நெடுஞ்சாலை டெஸ்லின் வழியாக வந்தது, கூடவே அம்மை முதலிய நோய்களும் வந்தன. அதற்கு முந்தைய டெஸ்லின் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அவருடைய படங்களே சாட்சி. காரும் படங்களும் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

● யூக்கானுக்கு வெகு கிழக்கே பாஃபின் தீவில், இனுயிட் மக்களின் பீட்டர் பிட்சியோலாக் (1902–1973) பனிவீட்டுக்குள்ளேயே ஃபிலிம் கழுவினார். டார்ச் விளக்கின்மேல் சிவப்புத் துணி சுற்றினால் இருட்டறை விளக்கு தயார். பழைய கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் வைத்தால் ஃபில்டர். மனைவி அகெயோக் கூடவே நின்று ஃபிலிம் கழுவினார், தாமும் படமெடுத்தார். பிட்சியோலாக்கின் முதல் படம் ஒரு துருவக் கரடி. கிட்டே போக அஞ்சிய ஒரு வெள்ளைக்காரர் தம் கேமராவை அவரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னாராம்.

● இன்றும் வடக்கத்திய ஸ்டூடியோவின் அரிசிப் பானையை நிரப்புவதில் பாஸ்போர்ட் படத்துக்குப் பங்குண்டு. கனடா பாஸ்போர்ட் படத்தின் அளவு 50 மில்லிமீட்டருக்கு 70. நம் ஊர் அளவு அங்கே செல்லாது. அச்சுப் படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் பெயர், முழு முகவரி, எடுத்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். அங்கே உறவினர்களிடம் போகிறவர்கள் கவனிக்கவும்.

● கனடாவில் 2012 நவம்பர் வரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை வாடிக்கையாளருக்கே சொந்தம். இப்போது எடுத்தவருக்குச் சொந்தம். வாடிக்கையாளர் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 1957 சட்டப்படி இன்றைக்கும் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். நம் ஊர் போட்டோகிராபர்கள் ஆர்டர் எடுக்கும்போதே இதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

● கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை கனத்தில் விரிசல் விடும். நீளமான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். தண்ணீர் படக்கூடாது, படலத்தைத் துடைக்கவும் கூடாது. ஓரத்தை மட்டுமே பிடித்துத் தூக்க வேண்டும். உங்கள் ஊரில் பழைய ஸ்டூடியோ ஒன்று மூடப்படப் போகிறது என்று காதில் விழுந்தால், பழைய சாமான் கடைக்காரர் வருவதற்கு முன் நீங்கள் போய்விடுங்கள். நெகட்டிவ் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.