மலை நிலமும் ஒரு சொல்லும்

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்கு ரயில் போகிறது. வழியில் போரா குகைகள் உள்ளன. சுற்றிலும் கிழக்குத் தொடர்ச்சி மலை. மலைச்சரிவில் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். கேழ்வரகும் சாமையும் அவர்களுடைய பயிர்கள்.

அந்த மலைக்கு அடியில் கால்சைட் என்ற கனிமம் இருக்கிறது. அதை வெட்டி எடுக்க வெளியூர்க் கம்பெனிகள் வந்தன. இந்த மலையை வெளியாருக்குக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

நிலம் கைமாறிய விதம்

முன்பு மலைக்கு வியாபாரிகள் வருவார்கள். உப்பும் துணியும் கடனாகக் கொடுப்பார்கள். வட்டி ஏறும். பிறகு ஒரு பத்திரத்தைக் கொண்டு வந்து கைநாட்டு வாங்குவார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதைக் கைநாட்டு வைத்தவரால் படிக்க முடியாது. பல குடும்பங்களின் நிலம் இப்படித்தான் போனது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அதே நிலத்தில் கூலி ஆள் ஆனார்.

இதைத் தடுக்க 1917-இல் ஒரு சட்டம் வந்தது. அப்போது விசாகப்பட்டினம் சென்னை மாகாணத்தில் இருந்தது. மலைவாழ் மக்கள் தங்கள் நிலத்தை வெளியாருக்கு விற்க வேண்டுமானால், அரசு அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாத விற்பனை செல்லாது.

ஆந்திரப் பிரதேசம் உருவான பிறகு, 1959-இல் புதிய சட்டம் வந்தது. 1970-இல் அதை மேலும் கடுமையாக்கினார்கள். பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் எந்த நபரும் தன் நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது. விற்கவும் கூடாது, குத்தகைக்கு விடவும் கூடாது. பழங்குடியினருக்கோ அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம்.

அரசும் ஒரு நபரா?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனாலும் போரா பகுதியில் அரசே தன் நிலத்தைத் தனியார் கம்பெனிகளுக்குச் சுரங்கக் குத்தகைக்கு விட்டது. "சட்டம் தனி மனிதர்களைத்தான் கட்டுப்படுத்தும், அரசு நிலத்துக்கு அது பொருந்தாது" என்று வாதம் எழுந்தது.

சமதா என்ற தொண்டு அமைப்பு வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் 1995-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சமதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு ஒரு சொல்லில் வந்து நின்றது. சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் அரசையும் குறிக்குமா?

1997 ஜூலை 11-இல் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர், "குறிக்கும்" என்றார்கள். எனவே அந்தக் குத்தகைகள் செல்லாது. அங்கே சுரங்கம் வேண்டுமானால் அரசின் கனிம வளர்ச்சிக் கழகமோ பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கமோ நடத்தலாம். லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தப் பகுதி மக்களின் பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

இந்தத் தீர்ப்பு எல்லா மாநிலத்துக்கும் பொருந்துமா? 2001-இல் சத்தீஸ்கரின் கோர்பா அலுமினிய ஆலை பற்றிய வழக்கில் இதே கேள்வி வந்தது. அங்கே நடைமுறையில் இருந்தது மத்தியப் பிரதேச நிலச் சட்டம். அது ஆந்திரச் சட்டத்தைப் போன்றது அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே சமதா தீர்ப்பு அங்கே பொருந்தவில்லை.

வேறு சில மாநிலங்களிலும் நிலத்தைக் காக்கச் சட்டம் உண்டு. ஜார்க்கண்டில் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908 முதல் இருக்கிறது. பிர்சா முண்டா தலைமையில் மக்கள் போராடிய பிறகு வந்த சட்டம் அது. இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அங்கே விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி தேவை.

வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரு விதி உண்டு. அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும், பொதுவாக இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் ஒரு சொல் இருந்ததால் போரா மலை பிழைத்தது. ஆனால் அந்தச் சொல்லை ஒருவர் படித்து, பொருள் கேட்டு, வழக்காட வேண்டியிருந்தது. அதுவரை சட்டம் காகிதத்தில்தான் இருந்தது.

சிந்தித்துப் பேசுங்கள்:

1. படிக்காமல் கைநாட்டு வைத்தால் என்ன ஆகும்?
2. உங்கள் ஊரில் பொது நிலம் எது? அதைக் குத்தகைக்கு விடும்போது ஊராருக்குத் தெரிகிறதா?