ஒரு குறி, ஒரு பொருள்

‘மாலை’ என்னும் சொல் பொழுதைக் குறிக்கிறதா, பூமாலையைக் குறிக்கிறதா என்பதை மனிதர் தொடரைக் கொண்டு உணர்கின்றனர். கணினிக்கோ அதனை வரையறுத்துக் கூற வேண்டும். இணையத் தகவல்களின் பொருளையும் கணினி கையாளும் வகையில் அமைப்பதே பொருளுணர் வலையாகும். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, வேறிருவருடன் இணைந்து 2001ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது.

வரையறையும் வரைபடமும்

ஒரு துறையின் கருத்துருக்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் முறைப்படி வரையறுக்கும் அமைப்பு ‘ஆன்டாலஜி’ எனப்படும். இதனை எழுதுவதற்குரிய ‘அவுல்’ என்னும் மொழியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தருக்க நெறியில் அமைந்த இம்மொழி கணினிக்கு ஏற்றது. பயிற்சி இல்லாதவர்க்குக் கடினமானது. மருத்துவம் பற்றிய வரையறை சரியா எனக் கூறவல்லவர் மருத்துவரே. அவர் படித்துத் திருத்துவதற்கு வரைபடம் துணைபுரிகிறது.

குறி மயங்கினால்

‘கட்டைவிரல் என்பது விரலின் ஒரு வகை’; ‘விரல் என்பது கையின் ஓர் உறுப்பு’. இவை இரண்டும் வெவ்வேறு உறவுகள். இவற்றை ஒரே அம்புக்குறியால் காட்டினால், வரைபவர் ஒன்றை எண்ணப் படிப்பவர் மற்றொன்றைக் கொள்ள நேரும். ‘விரல் கையின் ஒரு வகை’ எனப் பதிவாகிவிட்டால், விரலை இழந்தவரைக் கையை இழந்தவராகவே கணினி கணக்கிடும். ஒரு குறிக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும் என்பதனை, டேனியல் மூடி 2009இல் வெளியிட்ட கட்டுரையில் குறியீட்டு வடிவமைப்பின் நெறிகளுள் ஒன்றாக வகுத்தார்.

வவுல் குறியீட்டு முறை

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய ‘வவுல்’ முறையில் இந்நெறியைக் காணலாம். இதில் கருத்துருக்கள் வட்டங்களாகவும், எண், எழுத்து முதலிய தரவு வகைகள் செவ்வகங்களாகவும் அமைகின்றன. வகையுறவைப் புள்ளிக்கோடும் உள்ளீடற்ற அம்புமுனையும் காட்டும். பிற உறவுகளைத் தொடர்கோடும் நிறைந்த அம்புமுனையும் காட்டும்; உறவின் பெயர் கோட்டின்மீது எழுதப்படும். வட்டத்திற்கு இளநீலமும் செவ்வகத்திற்கு மஞ்சளும் உரிய நிறங்கள். எனினும், வடிவமே வேறுபாட்டை உணர்த்துவதால், கருப்பு வெள்ளை அச்சிலும் படம் பொருள் மாறாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரும் அதனைப் படிக்கலாம்.

ஆயிரக்கணக்கான கருத்துருக்களை ஒரே படத்தில் அடக்கினால் கோடுகள் பின்னிக் குழப்பம் விளையும். ஆகவே, தேவையான பகுதியை மட்டும் பிரித்துக் காட்டுதலும் வடிவமைப்பாளரின் கடமையாகும். வரைபடத்தின் அழகைவிட, அதில் உள்ள பிழையைத் துறை அறிந்தவர் எளிதில் கண்டு திருத்த இயலுவதே குறியீட்டின் சிறப்பாகும்.